நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் கார்: பேட்டரியிடம் வேலை வாங்குவது எப்படி?

பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வாங்கியவர்கள் முதல் நெடுந்தூரப் பயணம் போய் வந்ததும் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: ஊருக்குள் பாதி நேரம் இன்ஜினே ஓடாமல் போன கார், நூறில் போகும்போது மட்டும் ஏன் பெட்ரோலை நம்பியே ஓடுகிறது, பேட்டரி சும்மாவா கிடக்கிறது? சும்மா கிடக்கவில்லை. அங்கேயும் ஓயாமல் வேலை செய்கிறது, ஆனால் அந்த வேலை வேறு மாதிரி. அது புரிந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரில் நாம் கால் வைக்கும் விதமே மாறிவிடும்.

முதலில் அளவைப் பாருங்கள். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் (மோட்டாரில் மட்டுமே ஓடவும் முடிகிற வகை) இருப்பது சுமார் 0.76 கிலோவாட் ஹவர் பேட்டரி, வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட் கரண்ட். இந்த அளவு கார் சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்க ஏறக்குறைய 15 கிலோவாட் வேண்டும். முழு பேட்டரியையும் வழித்தெடுத்தால்கூட 3 நிமிடம்தான். ஆயுள் கெட்டுவிடக் கூடாது என்று கார் அதை முழுதாகக் காலியாகவும் விடாது, முழுதாக நிரம்பவும் விடாது, அதனால் நம் கைக்கு வருவது அதில் பாதி இருந்தாலே அதிகம். ஆகவே இது சேமிப்புக் கணக்கு இல்லை, கைமாற்று. ஏற்றத்தில் கொடுக்கும், இறக்கத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

வேகத்தில் இன்ஜின் நிற்கவே நிற்காது என்று பலர் நம்புவதற்கு டொயோட்டாவின் பழைய ஹைப்ரிட் காரான பிரியஸ்தான் காரணம். அதன் கியர் அமைப்பில் இன்ஜின் நின்றிருந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கியரைப்போல் 2.6 மடங்கு வேகத்தில் ஜெனரேட்டர் எதிர்த்திசையில் சுழல வேண்டியிருந்தது, அதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதால் 70 கி.மீ. வாக்கில் இன்ஜினும் சேர்ந்து சுற்றியே ஆக வேண்டும். 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் அந்த வரம்பு 110 வரை உயர்ந்தது. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் வேறு ரகம், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடும்.

சரி, ஓட்டும் முறைக்கு வருவோம். நீங்கள் 90-இல் போகிறீர்கள், சாலை லேசாகச் சரிகிறது. காலை முழுதாக எடுங்கள், ஓரிரு நொடியில் இன்ஜின் சத்தம் அடங்கி, இன்ஜின் ஓடவில்லை என்று காட்டும் ஈவி விளக்கு மீட்டரில் பச்சையாக எரியும், முள் சார்ஜ் பக்கம் சாயும். இப்போது மிதியை மிக மெதுவாக, காலணிக்குள் பெருவிரலை மட்டும் அழுத்துவதுபோல் அழுத்துங்கள். முள் ஈகோ பகுதியின் தொடக்கத்திலேயே நிற்க, கார் பேட்டரியில் மட்டும் ஓடும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் இன்ஜின் விழித்துக்கொள்ளும், அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, அடுத்த சரிவில் மறுபடி செய்யலாம். சென்னை–திருச்சி சாலையில் மேம்பாலங்களுக்குக் குறைவில்லை, ஒவ்வொன்றும் இதற்கு நல்ல பயிற்சி: ஏறும்போது மிதியை மேலும் அழுத்தாமல் வேகம் 4, 5 குறைந்தால் குறையட்டும் என்று விடுங்கள், உச்சியைத் தாண்டியதும் காலை எடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சமதளத்தில் ஈவி விளக்கை எரிய வைத்தே தீருவேன் என்று மல்லுக்கட்டாதீர்கள். அங்கே செலவழித்த கரண்டை இன்ஜின்தான் பிறகு பெட்ரோல் எரித்து நிரப்ப வேண்டும், போக வர இரண்டு முறையும் நஷ்டம். சமதளத்தில் சீரான வேகமே போதும். 80, 90-இல் போக முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது, 80-இல் இருப்பதைவிட 100-இல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

லாரியை முந்தும்போது தயங்காமல் அழுத்துங்கள். இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து தள்ளும் நேரம் அதுதான், மோட்டார் உதவி உடனே கிடைக்கும். சார்ஜ் ஒன்றிரண்டு கட்டம்தான் இருக்கிறது என்றால் உதவி குறையும், அதற்கேற்ப இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டோல்கேட் கண்ணில் பட்டதும், கிட்டே போய் ஓங்கி பிரேக் பிடிக்காமல், அரை கிலோமீட்டருக்கு முன்பே காலை எடுத்து லேசாக பிரேக்கைத் தொட்டபடி போங்கள். மெல்லப் பிடிக்கும் பிரேக்கில் பெரும்பகுதியை மோட்டாரே கரண்டாக மாற்றிவிடும். அதிரப் பிடித்தால் பிரேக் பேடு சூடாவதில் போய்விடும். நியூட்ரலில் உருட்டுவது பழைய கார்ப் பழக்கம், இங்கே வேண்டவே வேண்டாம், நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஏறாது.

மலை இறக்கத்தில் கதை வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கால்வாசி தாண்டுவதற்குள்ளேயே பேட்டரி நிரம்பிவிடும், அதற்கு மேல் அது வாங்கிக்கொள்ளாது, பாரமெல்லாம் பிரேக்கில் விழும். அப்போது கியரை B-யில் போடுங்கள் (பார்க்கிங்குக்கான P அல்ல). இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் உறுமும், பயப்படாதீர்கள், அதுதான் காரைப் பிடித்து நிறுத்துகிறது.

அப்புறம், கிளம்பும் முன் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைப் பாருங்கள். பல கார்களில் அது பின் சீட்டை ஒட்டி இருக்கும், தலையணையும் தின்பண்டப் பையும் அதன்மேல்தான் போய் விழும். பேட்டரி சூடேறினால் கார் அதன் பயன்பாட்டைக் குறைத்துவிடும். வழக்கத்தைவிட விசிறிச் சத்தம் பின்னால் கேட்டால் முதலில் அந்தப் பையை நகர்த்துங்கள், சர்வீஸின்போது அதன் ஃபில்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.