காலை வெளிச்சம் கொண்டுவந்த தூக்கம்

வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு இரவு 2 மணி வரை எனக்குத் தூக்கம் வராது. காலையில் தலை கனக்கும், யாரிடமும் பேசப் பிடிக்காது. மொபைலைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது, நான் வெயிலையே பார்ப்பதில்லை. நாள் முழுக்கத் திரைச்சீலை மூடிய அறை. அறைக்குள் நல்ல விளக்கு போட்டாலும் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். வெளியே மேகமூட்டமான பகலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நேர் வெயிலில் 1,00,000 வரை போகும். இந்த வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியுள்ள செல்கள் அதை உணர்ந்து மூளையின் உள்கடிகாரத்துக்குச் சொல்கின்றன. காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சீக்கிரமே சுரக்கத் தொடங்கும்.

சரி என்று, எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளியே போய் 20 நிமிடம் நடக்க ஆரம்பித்தேன். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. திறந்த வெளியில் இருந்தாலே போதும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள், 11 மணிக்கே கையிலிருந்த புத்தகம் நழுவி நெஞ்சில் விழுந்தது. எவ்வளவு சந்தோஷம்!

ஒன்று மட்டும் தவறாக நம்பியிருந்தேன்: ஜன்னலோர வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று. அதற்குத் தேவையான புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். அதிகாலை வெயிலிலும் அவை குறைவுதான். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை எடுக்கிறேன்.