கேமரா விமர்சனங்களில் யாரை நம்புவது?

ஒரே கேமராவை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார், இன்னொருவர் வாங்கவே வாங்காதீர்கள் என்கிறார் என்றால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 23 டிகிரி வெப்பநிலையில் 8கே எனும் மிகத் துல்லியமான வீடியோ சுமார் 20 நிமிடம்தான் எடுக்க முடியும், அப்புறம் சூடாகி நின்றுவிடும் என்று நிறுவனமே அறிவித்தது. கல்யாண வீடியோ எடுப்பவருக்கு அது பெரிய தலைவலி. பறவைகளைப் படம் பிடிப்பவருக்கோ, 45 மெகாபிக்சலும் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸும் கிடைத்த மகிழ்ச்சியில் அந்தக் குறை கண்ணிலேயே படாது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அதனால் எழுதியவர் என்ன மாதிரி படம் எடுப்பவர், எத்தனை நாள் கையில் வைத்திருந்தார், சொந்தக் காசில் வாங்கினாரா அல்லது நிறுவனம் கொடுத்ததா என்று முதலில் பாருங்கள். இலவசமாகக் கிடைத்ததையும் கமிஷன் வருவதையும் மறைப்பவரை நான் நம்புவதே இல்லை.

முடிந்தால் ஐஎஸ்ஓ 6400-இல், அதாவது மங்கிய வெளிச்சத்துக்காக உணர்திறனைக் கூட்டி வைத்து எடுத்த ரா ஃபைலை (கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் மூலக் கோப்பு) இறக்கி, நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். சுருக்கிப் போட்ட படத்தில் நாய்ஸ் எனும் புள்ளிப் புள்ளியான கறை தெரியாது.