உயர் நீதிமன்ற நீதிபதியாகும் வழி: மதுரைச் சட்ட மாணவருக்கு

உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு எழுத்துத் தேர்வும் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. இந்தியக் குடிமகராக இருப்பதோடு, உயர் நீதிமன்றத்தில் 10 ஆண்டுகள் வழக்கறிஞராகவோ, 10 ஆண்டுகள் நீதித்துறைப் பதவியிலோ இருந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அரசியலமைப்பின் 217ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் 45 வயதைத் தாண்டிய பிறகே பரிசீலிக்கப்படுகிறார்கள்.

பிளஸ் டூ முடித்தவர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், பட்டதாரி மூன்றாண்டுச் சட்டப் படிப்பிலும் சேரலாம். மதுரை அரசு சட்டக் கல்லூரியே போதும். பிறகு வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

அடுத்து வரும் ஆண்டுகளே முக்கியமானவை. நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடாமல், முதல் மூன்று ஆண்டுகளாவது மாவட்ட நீதிமன்றத்தில் சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமந்து, வாய்தா வாங்கி, குறுக்கு விசாரணையை அருகிலிருந்து பாருங்கள். மேலூர்ப் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று, முன்சீப் நீதிமன்றத்தையும் சார்பு நீதிமன்றத்தையும் கடந்து, 2004 ஜூலையில் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வுக்கு இரண்டாம் மேல்முறையீடாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் வழக்கு நிற்கும். மூலப்பத்திரம் தமிழில் இருக்கும், வாதமோ ஆங்கிலத்தில் நடக்கும்; மொழிபெயர்ப்பில் ‘நான்கு மால்’ (சொத்தின் நான்கு பக்க எல்லை) விவரத்தின் கிழக்கும் மேற்கும் இடம் மாறினால் சொத்தே வேறாகிவிடும். தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலத்தை உழைத்துப் பெற்றுக்கொள்ளலாம். பத்திரத் தமிழ் புரியாதவரைவிட அவர் ஒரு படி முன்னால் நிற்கிறார் என்பது என் எண்ணம்.

மற்றொரு வழி நீதித்துறைப் பணி. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கட்டாயமாக்கியது. ஏழாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் நேரடியாக மாவட்ட நீதிபதியாகலாம். 1988இல் அப்படி நுழைந்த ஆர். பானுமதி 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார்.

நீதிபதிப் பதவிக்குப் பெயரைப் பரிந்துரைப்பவர்கள் அந்த உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும். உங்கள் வாதத்தை நாள்தோறும் கேட்பவர்கள் நீதிபதிகள்தாம் என்பதால், ஆயத்தமில்லாமல் வாய்தா கேட்கும் பழக்கமும் அவர்கள் நினைவில் தங்கும். பரிசீலனையில் தொழில் வருமானமும் நீங்கள் வாதாடி வெளியான தீர்ப்புகளும் பார்க்கப்படும். ஆகவே வருமான வரிக் கணக்கையும் அத்தீர்ப்புகளின் நகல்களையும் முதலாண்டிலிருந்தே தனிக் கோப்பில் சேர்த்து வாருங்கள்.