முதல் எண்டியூரன்ஸ் ரைடு நடத்துகிறீர்களா? வெட் செக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

1955இல் வெண்டல் ரோபி என்பவர் சில நண்பர்களோடு கலிஃபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் ஊர்வரை 100 மைல் மலைப்பாதையை ஒரே நாளில் குதிரையில் கடந்து காட்டினார். அந்தச் சவாரிதான் இன்றைய டெவிஸ் கப் போட்டி. இப்படிக் குதிரையில் நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் கடப்பதுதான் எண்டியூரன்ஸ் ரைடு. 1972இல் ஏ.இ.ஆர்.சி. என்கிற அமெரிக்க எண்டியூரன்ஸ் அமைப்பு உருவாகி, விதிமுறைகளை வகுத்தது. அவர்கள் விதிப்படி 50 மைல், அதாவது 80 கி.மீ. ரைடை 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 100 மைலுக்கு 24 மணி நேரம். புதியவர்களுக்கு 25 மைல் பிரிவு உண்டு, அதற்கு 6 மணி நேரம். இடையில் குதிரைக்குத் தரும் கட்டாய ஓய்வும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இந்த ரைடுகளைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். காசு கொடுத்து அழைப்பது பெரும்பாலும் கால்நடை மருத்துவர்களை மட்டும்தான். முதல் தடவை நடத்துபவர்கள் பாதை, பரிசு, டி-ஷர்ட் என்று தொடங்கி, வெட் செக்கை, அதாவது வழியில் கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிப்பதை, கடைசியில் எங்காவது செருகுவார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். மருத்துவர் குதிரையைப் பார்க்கும் அந்த இடத்தை முதலில் முடிவு செய்தால், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும்.

அனுமதி

பாதை அரசு வனத்திலோ பொது நிலத்திலோ போனால் ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தனியார் நிலம் வழியில் இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஏ.இ.ஆர்.சி. அங்கீகாரமும் காப்பீடும் வேண்டும். பல வனப்பகுதிகளில் களை விதை இல்லாதது என்று சான்றளித்த உலர்புல்லை மட்டுமே உள்ளே விடுவார்கள். அதைப் பதிவுப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வரும் குதிரைகளுக்கு காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று (தொற்று ரத்தசோகை நோய் இல்லை என்பதற்கு) கேட்பார்கள். இந்த வேலை அலுப்பானது, ஆனால் சிக்கலானது இல்லை.

பாதையும் நேரமும்

எல்லா வளையமும், அதாவது ஒவ்வொரு சுற்றும், கிளம்பிய இடமான பேஸ் கேம்புக்கே திரும்பி வருகிற மாதிரி பாதையைப் போடுங்கள். ஒரே இடத்தில் மருத்துவர், தண்ணீர், தீவனம், டிரெய்லர் எல்லாம் இருந்தால் ஆள் தேவை பாதியாகக் குறையும். 80 கி.மீ.க்கு ஒரு 32 கி.மீ. வளையம், அப்புறம் 24 கி.மீ. வளையம் இரண்டு முறை. 40 கி.மீ. பிரிவுக்கு அதே 24ஐ ஒரு தடவை, பிறகு அதிலேயே ஒரு குறுக்குப்பாதை வெட்டி 16. பாதையைக் காட்ட ரிப்பன் கட்டும் வேலையும் இதனால் மிச்சம்.

இப்போது ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். காலை 6.30க்கு 40 குதிரைகள் கிளம்புகின்றன என்று வையுங்கள். வேகமான குதிரை மணிக்கு 16 கி.மீ., மெதுவானது 8 கி.மீ. அப்படியானால் 32 கி.மீ. முதல் வளையத்தை முடித்து முதல் குதிரை 8.30க்கும் கடைசிக் குதிரை 10.30க்கும் வெட் செக்குக்கு வரும். ஒரு குதிரையைப் பார்க்க மருத்துவருக்கு நான்கு நிமிடம் என்றால் 40 குதிரைக்கு 160 நிமிடம். கையில் இருப்பதோ 120 நிமிடம்தான். ஆக, ஒரே மருத்துவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். 40 கி.மீ. பிரிவை 7.30க்கு அனுப்பினால் அவர்களும் 9 மணிக்கே வந்து இதே வரிசையில் நிற்பார்கள். 8.30க்கு அனுப்புங்கள், நெரிசல் பெருமளவு குறையும். இந்தக் கணக்கை ஒவ்வொரு வளையத்துக்கும் போட்டுப் பார்க்காமல் தொடக்க நேரத்தை அறிவிக்காதீர்கள்.

வெட் செக்

வந்து சேர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு 30 நிமிடத்துக்குள் நிமிடத்துக்கு 64க்கு இறங்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். 25 மைல் பிரிவின் முடிவில் 60. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 30 முதல் 40 வரை துடிக்கும். அரை மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், சூடு தணியாமல் இருக்கலாம், எங்கோ வலிக்கலாம். குதிரை தானாக வந்து சொல்லாது; நாடிதான் சொல்லும்.

நாடி பார்க்க மருத்துவம் படித்தவர் தேவையில்லை. சவாரிக்காரர்களின் கணவர், மனைவி, பள்ளிப் பிள்ளைகள் என யாருக்கும் பத்து நிமிடத்தில் கற்றுத் தரலாம். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 வினாடி எண்ண வேண்டும். 16 துடிப்பு வந்தால் 64. புதியவர்கள் 'லப்' ஒன்று, 'டப்' ஒன்று என்று இரண்டாக எண்ணிவிடுவார்கள். நல்ல குதிரைக்கு 120 என்று எழுதிக் கொடுத்து சவாரிக்காரரைக் கலங்கடிப்பார்கள். லப்-டப் இரண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு. முந்தின நாள் மாலையே ஓய்வாக நிற்கும் குதிரைகளில் பழக விடுங்கள்.

நாடி இறங்கிய பிறகே மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்வு நேரமும் அந்த நொடியிலிருந்துதான் தொடங்கும். அவர் ஈறைப் பார்ப்பார், தோலைக் கிள்ளி எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்று பார்ப்பார், வயிற்றில் குடல் சத்தம் கேட்பார். பிறகு குதிரையை நேர்கோட்டில் சிறு ஓட்டமாக ஓட்டிவரச் சொல்லி நொண்டுகிறதா என்று கவனிப்பார். போக வர மொத்தம் 75 மீட்டர் போல இருக்கும். ஓட்டம் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து நாடியை மறுபடி எண்ணுவார். முதலில் 60, பிறகு 56 என்றால் கவலையில்லை. 60க்கு அப்புறம் 72 என்றால் அவர் முகம் மாறும். அந்த ஓட்டத்துக்குச் சமமான, கல் இல்லாத தரை வேண்டும். கேம்ப் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மருத்துவர் 'போதும்' என்றால் போதும்தான். அவரோடு வாதாட மேனேஜராகிய நீங்களே போகக் கூடாது, மற்றவர்களையும் விடக் கூடாது. டெவிஸிலேயே கிளம்பும் குதிரைகளில் ஏறத்தாழ பாதிதான் முடிக்கும். வெளியேறுவது அவமானம் இல்லை. சிகிச்சை தருவதற்கென்று தனி மருத்துவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வரிசையைப் பார்க்கும் மருத்துவரே வயிற்றுவலிக் குதிரைக்கு டிரிப் ஏற்றப் போனால் மொத்த ரைடும் நின்றுவிடும்.

தண்ணீர்

8, 10 கிலோமீட்டருக்கு ஒரு தொட்டி. வெயில் நாளில் உழைக்கும் குதிரை 40, 50 லிட்டர் குடிப்பது சாதாரணம். குடிக்கும் தொட்டியில் ஸ்பஞ்சை முக்கி உடம்பைத் துடைக்க விடாதீர்கள். வியர்வை உப்பு கலந்த தண்ணீரைப் பின்னால் வரும் குதிரை தொடாது. துடைப்பதற்குத் தனி வாளி வையுங்கள்.

பாதைக் குறியீடு

ரிப்பனைத் துணி கிளிப்பில் மாட்டி, எப்போதும் வலது பக்கமே தொங்க விடுங்கள். வளையத்துக்கு ஒரு நிறம். திருப்பத்தில் காகிதத் தட்டில் அம்புக்குறி, தரையில் மாவுக்கோடு. திரும்பிய பின் உடனே ஒரு ரிப்பன் தெரிந்தால்தான் சவாரிக்காரருக்கு நிம்மதி. குறுக்குப்பாதை பிரிகிற இடத்தில் ஓர் ஆளே உட்காரட்டும். மாடு மேய்கிற இடமாக இருந்தால் அது ரிப்பனைத் தின்றுவிடும், சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதனால் அதிகாலையில் ஒருவர் முன்னே போய்ப் பார்த்துவருவது நல்லது.

ஆள் கணக்கு

ஒவ்வொரு குதிரையின் பின்புறத்திலும் மெழுகுச் சாயத்தில் எண் எழுதுங்கள். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன். 16 வயதுக்குட்பட்டவர் கூடவே ஒரு பெரியவர் சவாரி செய்ய வேண்டும், ஹெல்மெட் கட்டாயம். முந்தின மாலைக் கூட்டத்தில் இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

மலையில் செல்போன் எடுக்காது. உள்ளூர் ஹாம் ரேடியோ குழுவை (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களை) கேளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள். ஒவ்வொரு நிலையிலும் கடந்த எண்களை அவர்கள் கேம்புக்குச் சொல்ல, அங்கே ஒருவர் பலகையில் எழுத வேண்டும். கடைசிக் குதிரைக்குப் பின்னால் இரண்டு பேர் குதிரையில் வரட்டும். பலகையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. தன்னார்வலர்களுக்கு நிழலும் சூடான சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கட்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் போனை எடுக்க மாட்டார்கள்.

முடிவில்

முடித்த அனைவருக்கும் ஒரே பரிசு. முதல் பத்துக் குதிரைகளை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மருத்துவர் பார்த்து, எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு 'பெஸ்ட் கண்டிஷன்' தருவார். பலர் முதலிடத்தைவிட இதையே பெரிதாக நினைப்பார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அப்புறம் முடிவுகளை ஏ.இ.ஆர்.சி.க்கு அனுப்புங்கள், சாணத்தை அள்ளுங்கள், ரிப்பன்களைக் கழற்றுங்கள். கடைசியில் வரும் அந்த இரண்டு பேரே பை ஒன்றைச் சேணத்தில் மாட்டிக்கொண்டு கழற்றிவந்தால் வேலை சுலபம். ஆனால் இரண்டு முறை போகும் 24 கி.மீ. வளையத்தில் முதல் சுற்றிலேயே கழற்றிவிட வேண்டாம் என்று அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.