பழைய வேனை வீடாக்கும்போது பேட்டரியை எங்கே வைப்பது?

பலகை அடிக்கும் முன்பே பேட்டரியின் இடத்தை முடிவு செய்யுங்கள். 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் லெட்-ஆசிட் வகை, 50 கிலோவுக்கு மேல் கனம். அதை வால்பக்கம் வைத்தால் பேச்சிப்பாறை வளைவுகளில் வண்டி ஆடும். பின் அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு வையுங்கள். எடை சமப்பட, எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வரும், அது மேலே ஏறும் வாயு. ஆகவே பெட்டியை மூடி, அதன் உச்சியிலிருந்து வெளியே குழாய் விடுங்கள். லித்தியம் என்றால் வாயுத் தொல்லை இல்லை. ஆனால் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது, எஞ்சின் பக்கம் வேண்டாம்.

வயரில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஃப்ரிட்ஜ் 5 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 0.65 வோல்ட் போய்விடும். ஃப்ரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். 1000 வாட் இன்வெர்ட்டர் 100 ஆம்பியர் வரை இழுக்கும்: 35 சதுர மி.மீ. கேபிள், 150 ஆம்பியர் ஃப்யூஸ், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள்.

துருப்பிடித்த பாடியை எர்த்தாக, அதாவது மின்சாரம் திரும்பும் வழியாக, நம்பாதீர்கள். நெகட்டிவுக்கும் தனி வயர் இழுங்கள். குளச்சல், முட்டம் உப்புக்காற்றில் வெறும் செம்பு உறைக்குள்ளேயே பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், முனையில் கிரிம்ப் செய்த (அழுத்திப் பிடிப்பித்த) லக், மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை). முறுக்கி டேப் சுற்றுவது சீரியல் விளக்குக்குப் போதும், இதற்கு ஆகாது.