ஹார்டுவிக் மாளிகையைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு குன்றின் மேல் நிற்கும் ஹார்டுவிக் மாளிகையைப் பற்றிப் பேசுவோர் பலர், ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கே சிறையிருந்தார் என்றே தொடங்குகிறார்கள். உள்ளே அவர் பெயரில் ஓர் அறையும் இருப்பதால் அதை நம்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் மேரி தலை வெட்டப்பட்டது 1587இல். இம்மாளிகையின் கட்டுமானம் தொடங்கியது 1590இல். இதைக் கட்டிய சீமாட்டி பெஸ்ஸின் நான்காம் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு, 1569 முதல் 1584 வரை வேறு வீடுகளில் வைத்து மேரியைக் காவல் காத்தவர். அந்தக் காவல் கதைதான் பிற்காலத்தில் இங்கே குடியேறிவிட்டது.

ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் செதுக்கி நிறுத்திய ‘ஈ’, ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்துகளை அக்கால அரசி முதலாம் எலிசபெத்தைக் குறிப்பவை என்று கொள்வதும் பிழை. பெஸ்ஸின் முழுப்பெயரும் எலிசபெத்தான். அவை ‘எலிசபெத் ஷ்ரூஸ்பரி’ என்பதன் முதலெழுத்துகள். பக்கத்தில் கூரையின்றி நிற்கும் ‘பழைய மாளிகை’யும் பெயரால் ஏமாற்றும். அது புதியதைவிடச் சில ஆண்டுகளே மூத்தது. இரண்டும் ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்தவை.

இவற்றைவிடப் பெரிய தவறு, மாளிகையின் சிறப்பைக் கீழ்த்தளத்தில் தேடுவது. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் வகுத்ததாகக் கருதப்படும் இந்த அமைப்பில் மதிப்பு மேலே ஏற ஏறக் கூடுகிறது. தரைத்தளம் பணியாளர்களுக்கும் சமையலுக்கும், முதல் மாடி குடும்பத்தாரின் அன்றாட வாழ்வுக்கும், இரண்டாம் மாடி அரசியே வந்தாலும் வரவேற்கத் தகுந்த சபைக்கூடங்களுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தாலே இது தெரியும்: மாடிக்கு மாடி ஜன்னல்களின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. வாசலை ஒட்டிய கூடத்தில் ஆடம்பரத்தைத் தேடுவதைவிட அதன் திசையைக் கவனிப்பது நல்லது. அதுவரை மற்ற மாளிகைகளில் முகப்புக்கு இணையாகக் கிடந்த கூடம் இங்கே முன்வாசலிலிருந்து பின்புறம் வரை நேராக ஓடுகிறது. அக்கால இங்கிலாந்தில் அது புதுமை. அங்கிருந்து கிளம்பும் கற்படிகள் அவசரமின்றி வளைந்து மேலேறி, கடைசியில் மேல்மாடிப் பெருங்கூடத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. அந்த ஏற்றத்தையும் கட்டடக் கலையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

‘சுவரைவிடக் கண்ணாடியே அதிகம்’ என்று ஊரார் எதுகையோடு சொன்ன மாளிகை இது என்பதால், ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னும் ஓர் அறை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முகப்பின் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே சில ஜன்னல்கள் வைக்கப்பட்டன. உள்ளே அவற்றுக்குப் பின்னால் இருப்பது புகைபோக்கியோ வெறும் சுவரோதான். 1696இல் வந்த, ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து விதித்த ஜன்னல் வரிக்கு அஞ்சி அடைத்தவை என்று இவற்றை விளக்குவது, ஒரு நூற்றாண்டு பிந்திய காரணத்தை முந்திய செயலுக்குச் சூட்டுவதாகும்.

இத்தனை கண்ணாடி இருந்தால் குளிரும் உள்ளே வரும். ஆகவே சுவர்களில் தொங்கும், உருவங்கள் நெய்த சித்திரத் திரைகளை வெறும் அலங்காரமாகப் பார்ப்பதும் பாதிப் பார்வையே. 1601இல் எடுத்த பொருட்பட்டியலில், பெஸ்ஸின் படுக்கையறை ஜன்னல்களுக்கும் கதவுகளுக்கும் முன்னால் தொங்கவிடப் போர்வைகள் இருந்ததாகவே குறித்திருக்கிறார்கள். பெருங்கூடத்திலோ, 1587இல் வாங்கிய பிரஸ்ஸல்ஸ் திரைகள் பொருந்தும்படி சுவரின் அளவையே வகுத்திருக்கிறார்கள். திரைகளுக்கு மேலே ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானாவும் மான்களும் மரங்களும் சுதையில் புடைத்து நிற்கின்றன. இன்று மங்கித் தெரியும் அந்த நிறங்களைக் கண்டு, அக்காலத்தார் அடக்கமான வண்ணங்களை விரும்பினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 400 ஆண்டு வெயில் குடித்தபின் எஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். விளக்கைக் குறைத்து, ஜன்னல் திரைச்சீலையை இறக்கி வைத்திருக்கிறார்களே என்று சலித்துக்கொள்வோருக்கும் இதுவே பதில்.

கடைசியாக, சுவரில் காணும் குலச்சின்னத்தை வைத்து ஒரு பொருளின் பிறப்பைத் தீர்மானிக்கலாகாது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள நெடுங்கூடத்தில் தொங்கும் விவிலிய வீரன் கிதியோனின் கதைத் திரைகள் 13உம் முதலாம் எலிசபெத்தின் அமைச்சர் சர் கிறிஸ்டோபர் ஹேட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் இறந்தபின் 1592இல் அவற்றை வாங்கிய பெஸ், ஹேட்டனின் சின்னங்களை மாற்றும் செலவைக் காரணம் காட்டி விலையிலும் குறைத்துக்கொண்டார். பிறகு மாற்றியது சிக்கனமாகத்தான்: தன் சின்னத்தைத் துணியில் வரைந்து பழையதன் மேல் தைக்கச் செய்தார், ஹேட்டனின் பெண்மானுக்குக் கொம்பு வரைந்து, தன் இரண்டாம் கணவர் வழிக் கேவண்டிஷ் குடும்பத்தின் கலைமானாக்கிக்கொண்டார்.