சாம்பார் ஊற்றிக்கொண்டால் புரதம் சேர்ந்துவிடுமா?

தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் புரதத்துக்கு என்ன குறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், அதிலுள்ள புரதம் சுமார் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம்தான். அதுவும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டால் அதுவும் கிடைக்காது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம்!

மீதியைச் சோறு ஈடுகட்டும் என்று விட்டுவிடக் கூடாது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் ஒன்றான லைசின் அரிசிப் புரதத்தில் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற இன்னொரு கூறான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் நிறைவு. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல அளவு. நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு பேருக்கும் இருப்பதுதான் கோளாறு. சுண்டலை நவராத்திரிக்கென்று ஒதுக்கிவைக்காதீர்கள். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் பத்து கிராம் புரதம் கிடைக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு கிராம். பாதாமைவிட விலையும் குறைவு.

என்னை மிகவும் வருத்துவது, ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரை மட்டும் வடித்து ஊட்டும் வழக்கம். புரதம் பருப்பில் தங்கிவிடுகிறது, தண்ணீரில் இறங்குவது சொற்பம். சின்ன வயிறு அந்தத் தண்ணீரிலேயே நிறைந்துவிடுகிறது. வெந்த பருப்பையே மசித்து, சோற்றோடு குழைத்து, கொஞ்சம் நெய் விட்டுக் கொடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்திலும் இதே அலட்சியம். வயதானவர்களுக்குக் கஞ்சியும் ரசம் சோறும் போதும் என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். தசை கரைகிற வயதில் புரதத் தேவை குறைவதில்லை. பல் இல்லையென்றால் அவித்த முட்டை, கெட்டித் தயிர், குழைய வெந்த பாசிப்பருப்பு கொடுக்கலாம்.

முட்டையில் மஞ்சள் கருவை வீசுகிறவர்கள் அதன் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கையும் சேர்த்தே வீசுகிறார்கள். உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்று 2024-இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி சொல்கிறது. அந்தப் பணத்துக்கு மீனும் முட்டையும் பயறும் வாங்குங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அளவுகளைத் தாங்களாகப் பின்பற்ற வேண்டாம். டயாலிசிஸ் தேவைப்படாத கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்டச் சொல்வார்கள். அவர்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.